தேயிலை காத்த புல்வெளி



தேயிலைத் தோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்குத் தோன்றும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. குன்னூரிலோ, வால்பாறையிலோ, மூணாற்றிலோ, மலைச்சரிவு முழுவதும் இடைவெளியின்றிப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தோற்றம். அந்தக் கம்பளத்தின் அடியில் முன்பு என்ன இருந்தது என்று நாம் கேட்பதில்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அவற்றையடுத்த கேரளத்து உயர்மலைகளிலும் பள்ளத்தாக்கின் மடிப்புகளில் சோலைக்காடும், மேட்டின் முதுகில் புல்வெளியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை வந்தது. அதனோடும் அதன் பின்னும் சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. புல்வெளியில் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சிய புல்வெளியில்தான் இன்று வரையாடு மேய்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் அங்கேதான் பூக்கிறது. 2018ஆம் ஆண்டு மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் அது பூத்ததை உங்களுள் சிலர் நேரிலேயே கண்டிருக்கலாம்.

ஆகவே, தேயிலை வந்தால் புல்வெளி போகும் என்பது நம் நாட்டு அனுபவம். இதற்கு நேர்மாறான அனுபவம் உடைய ஒரு வட்டாரத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அங்கே தேயிலை இருப்பதனாலேயே புல்வெளி பிழைத்திருக்கிறது. தேயிலையின் விலை விழுந்தால் புல்வெளியும் அழியும்; காட்டுப் பூக்களும் அழியும்.

அந்த வட்டாரம் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒஸாகா செல்லும் இருப்புப்பாதை ஷிசுவோகா என்னும் மாநிலத்தை ஊடுருவிச் செல்கிறது. ஃபூஜி மலையின் தென்புறச் சரிவு இந்த மாநிலத்தைச் சேர்ந்தது. ரயில் ககேகவா என்னும் ஊரை நெருங்கும்போது வடபுறத்தில் ஒரு குன்று தெரியும். அதன் சரிவில், மரங்களையே நட்டு வரிசைப்படுத்தி, தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்தைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் பைன் மரங்களால் எழுதினார்களாம். அவை நோயால் பட்டுப்போகவே, ஹினோகி என்னும் மரத்தை நட்டு எழுத்தைப் புதுப்பித்தார்கள். விளம்பரப் பலகைக்கு வர்ணம் தீட்டுவதைவிட இது நிதானமான வேலைதான். அந்தக் குன்றின் பெயர் அவகடகெ. உயரம் 532 மீட்டர். அதன் அடிவாரத்திலுள்ள ஹிகஷியாமா என்னும் கிராமம் நமது பேச்சுக்கு நடுநாயகம்.

ஹிகஷியாமாவின் சரிவுகளை உற்று நோக்கினால் பச்சைக் கம்பளத்தில் இடையிடையே வேறு நிறத் திட்டுகள் தென்படும். வட்டமாகக் கத்தரிக்கப்பட்ட தேயிலை வரிசைகள் ஒருபுறம். அவற்றை ஒட்டி ஆளுயரத்துக்கு வளர்ந்த புல் மறுபுறம். புல் என்றால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கரம்பு அன்று. ஒவ்வொரு திட்டுக்கும் உடையவன் உண்டு, அறுவடை உண்டு, முறை உண்டு. ஜப்பானியர் இதற்கு இட்ட பெயர் ‘சாகுசாபா’. சா என்பது தேயிலை. குசா என்பது புல். பா என்பது இடம். மூன்றும் புணர்ந்து ஒரே சொல்லாக நிற்கின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால் இந்தச் சொல்லில் சிறிது நிற்க விரும்புகிறேன். ‘சா’ நமக்குப் புதிதன்று. மலையாளத்தாரின் சாயாவும் வடநாட்டாரின் சாயும் சீன மொழியின் அதே சொல்லிலிருந்து பிறந்தவை. தேயிலையிலுள்ள ‘தே’யும் சீன நாட்டின் மற்றொரு வட்டார வழக்கிலிருந்து கடல் வழியே வந்தது. ‘குசா’வைக் கேட்டவுடன் நமது குசப்புல்லை நினைத்து, வேதகாலத்துத் தொடர்பு ஒன்றை யாரேனும் கற்பித்து விடக்கூடும். வேண்டாம், அது வெறும் ஒலி ஒற்றுமை. மூன்றாவதாக வரும் ‘பா’தான் என் சிந்தனையைக் கிளறியது. புல்லுக்கென்று ஓர் இடம்! நம் அரசாங்க ஏடுகளில் புல் முளைத்த நிலத்துக்கு என்ன பெயர்? தரிசு, கரம்பு, புறம்போக்கு. ஆங்கில ஆட்சிக்காலத்து ஏடுகளில் ‘வேஸ்ட் லாண்ட்’, அதாவது வீண் நிலம். உழாத நிலமும் மரம் இல்லாத நிலமும் வீண் என்னும் எண்ணம் அந்தச் சொல்லில் உறைந்து கிடக்கிறது. வீண் நிலம் என்று எழுதிவிட்ட பிறகு அதில் எதை நட்டாலும் அது முன்னேற்றம்தானே? ஹிகஷியாமாக் குடியானவனுடைய சொல்லில் அந்த எண்ணத்துக்கு இடம் இல்லை. புல்நிலம் அவன் தோட்டத்தின் ஓர் உறுப்பு. அந்தக் கிராமத்தில் தேயிலை நிலத்தின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட அளவுக்குப் புல்நிலத்தை விட்டு வைத்திருக்கிறார்கள் என்றால், அதை அவர்கள் எவ்வளவாக மதித்தார்கள் என்பது விளங்கும்.

இனி, அந்தப் புல்லை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். புல்நிலத்தில் மிகுதியாக வளர்வது ‘சுசுகி’ என்னும் புல். மோட்டார் வண்டிக் கம்பெனியின் பெயர் வேறு. ஆனால் அந்தக் கம்பெனியின் தலைமையகமும் இதே ஷிசுவோகாவில்தான் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. நம் ஆற்றங்கரை நாணலைப்போல் ஆளுயரம் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் வெண்கதிர் விடும் புல் அது. அதனோடு குள்ள மூங்கில் இனமும் கலந்து வளரும். கோடை முழுவதும் இவற்றில் கைவைப்பதில்லை. பூத்து, விதை சிந்தி, தண்டு காயத் தொடங்கிய பிறகு, இலையுதிர் காலத்தின் இறுதியில் அறுப்புத் தொடங்கி மாரிக்காலத்தில் தொடர்கிறது. முன்பு அரிவாளால் அறுத்தார்கள். இன்று பெரும்பாலும் தோளில் மாட்டிய வெட்டு இயந்திரத்தால் அறுக்கிறார்கள். அறுத்த புல்லைக் கட்டுகளாகக் கட்டி, தலையைச் சேர்த்து அடியை அகற்றி, சிறு குடிசைகளைப்போல் சரிவில் நிறுத்தி வைக்கிறார்கள். இந்தக் குவியலுக்கு அவ்வூர் வழக்கில் ‘கப்போஷி’ என்று பெயர். அப்படியே நின்று காற்றில் உலர்ந்த பின், கட்டுகளைச் சுமந்து சென்று துண்டு துண்டாக நறுக்கி, தேயிலை வரிசைகளுக்கு இடையே கனமாகப் பரப்பி விடுகிறார்கள். நம் உழவர் வழக்கில் இதனை மூடாக்கு என்போம்.

மூடாக்கின் பயன்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்குச் சருகு போடுகிறவர்களுக்கு அவை தெரியும். ஈரம் காக்கும், களையை அடக்கும், சரிவிலே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுக்கும், குளிர்காலத்தில் வேருக்குப் போர்வையாகும். ஆனால் சுசுகிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது எளிதில் மக்காது. வைக்கோலைப்போல் விரைவில் கரைந்துபோகாமல் பல ஆண்டுகள் கிடந்து, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து, மெள்ள மெள்ள மண்ணாகும். அப்படி ஆன மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். தேயிலையின் நிறமும் மணமும் சுவையும் இந்த மண்ணால் உயர்கின்றன என்பது அவ்வூர் உழவரின் உறுதியான நம்பிக்கை. இரசாயனச் சோதனைச்சாலை அதில் எவ்வளவை ஒப்புக்கொள்ளும் என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. நல்ல விலை தரும் தேயிலையை விளைவிக்கிறவன், பனிக்காலத்துக் காற்றில் சரிவேறி இத்தனை பாடுபடுகிறான் என்றால், அதில் அவன் கண்ட பலன் ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இந்தத் தேயிலை முழுவதும் உரமும் மருந்தும் படாதது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சாகுசாபா முறை வேறு, இரசாயனமே தொடாத வேளாண்மை வேறு. தேயிலைக்குத் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டு நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடிப்போன கதையும் ஷிசுவோகாவுக்கு உண்டு.

அடுத்து, பூக்களுக்கு வருவோம். ஜப்பான் மழை மிகுந்த நாடு. அங்கே வெறும் நிலத்தைச் சும்மா விட்டால் புல் வரும். புல்லைச் சும்மா விட்டால் புதர் வரும். புதரைச் சும்மா விட்டால் சில பத்தாண்டுகளில் காடாகிவிடும். புல்வெளி புல்வெளியாக நீடிக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் யாரேனும் அறுக்கவோ, எரிக்கவோ, மாடு மேய்க்கவோ வேண்டும். பழைய ஜப்பானில் இம்மூன்றும் நடந்தன. வீட்டுக் கூரை வேய்வதற்குப் புல் வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் வேண்டும். நெல் வயலுக்குத் தழை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்நாட்டு நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புல்வெளியாக இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓடும் தகரமும் கூரைக்கு வந்தன. மாட்டின் இடத்தில் இயந்திரம் வந்தது. தழையின் இடத்தில் மூட்டை உரம் வந்தது. இன்று எஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்கு அளவே. யாரும் அதை அழிக்கவில்லை. அறுப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

புல்லுக்கு இருந்த பழைய தேவைகள் ஒவ்வொன்றாக அற்றுப்போன பிறகு, தேயிலைக்காரனுடைய தேவை ஒன்று மட்டும் நின்றது. அதனால்தான் ஷிசுவோகாவின் இந்தச் சிறு சிறு திட்டுகள், நாடெங்கும் இடமிழந்த உயிர்களுக்குப் புகலிடமாயின. தாவர நூலறிஞர்கள் வந்து எண்ணிப் பார்த்தபோது 300க்கும் மேற்பட்ட தாவர இனங்களைக் கண்டார்கள். இதன் காரணம் சுவையானது. குளிர்காலத்தில் உயர்ந்த புல்லை அறுத்து எடுத்துவிடுவதால், வசந்தத்தில் வெயில் தரை வரை இறங்குகிறது. குட்டையான செடிகள் தலைதூக்குகின்றன. அறுத்த புல்லை அங்கேயே போடாமல் தேயிலைக்குக் கொண்டு போவதால் புல்நிலத்தின் மண் கொழுப்பதில்லை. மண் கொழுத்தால் வல்லமையுள்ள ஓரிரு செடிகளே ஓங்கி மற்றவற்றை நெருக்கி அழித்துவிடும். மண் மெலிந்திருப்பதனால் யாரும் ஓங்க முடிவதில்லை. எல்லார்க்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. தேயிலை மண்ணை வளமாக்கும் அதே செயல் புல்நிலத்தை ஏழையாக்குகிறது. அந்த ஏழ்மைதான் பூக்களின் செல்வம்.

எவ்வகைப் பூக்கள்? ஜப்பானியக் கவிதையில் இலையுதிர் காலத்துக்குரிய ஏழு மலர்கள் என்று ஒரு மரபு உண்டு. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘மன்யோஷு’ என்னும் தொகைநூலில் யமனோவே நோ ஒகுரா என்னும் புலவர் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். நம் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். ஒகுரா ஏழோடு நிறுத்திக்கொண்டார். மேலே கண்ட சுசுகியும் அந்த ஏழில் ஒன்று. ஹகி என்னும் செந்நீலப் பூங்கொத்து, ஒமினயேஷி என்னும் மஞ்சட்பூ, நதேஷிகோ என்னும் இளஞ்சிவப்புப் பூ ஆகியவையும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. ஏழில் ஒன்றைக் குறிக்க ஒகுரா ஆண்ட சொல் இன்று வேறொரு கொடிப்பூவுக்குப் பெயராகிவிட்டது. அவர் கருதியது கிக்யோ என்னும் நீல மணிப்பூவாக இருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. சொற்கள் இடம் மாறும். உரையாசிரியர்களுக்கு வேலை தரும். பூவே இடம் இழந்துவிட்டால் எந்த உரையாசிரியர் என்ன செய்வார்? தோட்டங்களில் வளர்க்கப்படும் கிக்யோவுக்குக் குறைவில்லை. வெட்டவெளியில் தானாக முளைக்கும் கிக்யோ அருகிப்போய், ஜப்பானிய அரசாங்கத்தின் அழிவை எதிர்நோக்கும் தாவரங்களின் பட்டியலில் ஏறியது. அந்தக் கிக்யோ தேயிலைக்காரனின் புல்லுக்கு நடுவே பூக்கிறது.

பூவைவிட என்னைக் கவர்ந்தது ஒரு வெட்டுக்கிளி. ககேகவாவின் பெயரால் ஜப்பானியரும், அவகடகெக் குன்றின் பெயரால் விஞ்ஞானிகளும் அழைக்கும் இந்த இனம் இந்த வட்டாரத்துக்கே உரியது. இதனால் பறக்க இயலாது. ஓரிடத்துப் புல் அழிந்தால் அடுத்த மலைக்குப் பறந்துபோய்ப் பிழைக்கும் வழி அதற்கு இல்லை. அது இன்னும் அங்கே தத்திக்கொண்டிருக்கிறது என்பதனாலேயே, அந்தச் சரிவில் நெடுங்காலமாகப் புல் தொடர்ந்து இருந்து வந்திருக்கிறது என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். ஊரின் பழமைக்குக் கல்வெட்டைத் தேடும் நமக்கு, ஒரு வெட்டுக்கிளி சாட்சி சொல்வது புதுமையாக இருக்கும்.

தேயிலையின் வரலாற்றிலும் இரண்டொரு செய்திகள் சொல்லத்தக்கவை. ஷிசுவோகாவுக்குத் தேயிலை விதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து திரும்பிய ஒரு பௌத்தத் துறவி கொண்டுவந்தார் என்பது மரபு. ஆனால் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையாக விரியும் மகினொஹரா மேட்டுநிலம் திருத்தப்பட்டது மிகப் பிற்காலத்தில். 1868இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்தது. பதவி இழந்த தலைவரோடு ஷிசுவோகாவுக்கு வந்த போர்வீரர்களுக்கு வாளால் இனிப் பயனில்லை என்றாயிற்று. 1869இல் அவர்களுள் ஒரு குழுவினர் சூஜோ காகெஅகி என்பவரின் தலைமையில் அந்த வறண்ட மேட்டில் ஏறி மண்வெட்டியைப் பிடித்தனர். அடுத்து வந்தவர்கள் ஓயி ஆற்றின் சுமைகூலிகள். பழைய ஆட்சியில் அந்த ஆற்றுக்குப் பாலமும் இல்லை, ஓடமும் இல்லை. வழிப்போக்கரைத் தோளிலும் பலகையிலும் சுமந்து கரையேற்றுவதே அவர்கள் பிழைப்பு. 1870இல் அந்த முறை ஒழிந்தது. தோளில் சுமந்தவர்களும் இடுப்பில் வாள் செருகியவர்களும் ஒரே மேட்டில் தேயிலை நட்டார்கள். கூலி கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட நம் மக்களின் தேயிலை வரலாற்றோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. அது வேறு கதை, அதன் கண்ணீரும் வேறு.

2013ஆம் ஆண்டு மே மாதம், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்தச் சாகுசாபா முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ககேகவா, கிகுகவா, ஷிமடா, மகினொஹரா, கவனெஹொன் என்னும் ஐந்து ஊராட்சிகள் இதில் அடங்கும். அதே கூட்டத்தில் நம் நாட்டின் குட்டநாடும் ஏற்கப்பட்டது. ஆலப்புழை, கோட்டயம் பக்கத்தில் வாழும் நேயர்கள் அறிந்த, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் அதே குட்டநாடுதான். காஷ்மீரத்துக் குங்குமப்பூச் சாகுபடியும் ஒடிசாவின் கோராபுட் வேளாண்மையும் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் சேர்ந்தவை.

பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். ஆனால் புல்லை யார் அறுப்பது? அறுப்பவர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நம் கிராமங்களை விட்டு வெளிமாநிலம் வந்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானிலும் கெண்டியில் இலையிட்டுத் தேநீர் வடிக்கும் பழக்கம் குறைந்து, புட்டியில் அடைத்த குளிர்ந்த தேநீர் பெருகிவிட்டது. புட்டிக்குப் போகும் இலைக்கு மணம் குறைந்தாலும் பாதகமில்லை, மலிவே முக்கியம். தெற்கே ககோஷிமாவில் சமநிலத்தில் பெரிய இயந்திரங்களை ஓட்டி இலை எடுக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் தேயிலை உற்பத்தியில் ககோஷிமா முதன்முறையாக ஷிசுவோகாவை விஞ்சியது. ஹிகஷியாமாவின் சரிவில் அத்தகைய இயந்திரம் ஏறாது. இலையின் விலை விழும்போது உழவன் முதலில் சுருக்கிக்கொள்வது குளிர்காலத்து உழைப்பைத்தான். ஓராண்டு அறுக்காவிட்டால் பெரிய கேடு இல்லை. சில ஆண்டுகள் விட்டால் குள்ள மூங்கில் அடர்ந்து கிக்யோவை மூடும். பின்னர்க் கொடியும் மரக்கன்றும் வரும். பட்டாம்பூச்சி வேறிடம் தேடிப் போகலாம். பறக்க இயலாத அந்த வெட்டுக்கிளி எங்கே போகும்?

இதை உணர்ந்து, அவ்வூரார் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தேயிலை நிலத்துக்கு ஈடாக எவ்வளவு புல்நிலத்தை ஒருவர் பேணுகிறார் என்று கணக்கிட்டுச் சான்று வழங்குகிறார்கள். நூற்றுக்கு 5 பங்கு முதல் ஓர் இலை, 25 பங்கு முதல் இரண்டு இலை, 50 பங்குக்கு மேற்பட்டால் மூன்று இலை என்று பொட்டலத்தின் மேல் முத்திரை இடம்பெறும். புல்லின் உழைப்பு இலையின் விலையில் சேரவேண்டும் என்பது நோக்கம். நகரத்திலிருந்து தொண்டர்கள் வந்து அறுப்பில் கைகொடுப்பதும் உண்டு. இரண்டும் நல்லவையே. எனினும் தொண்டர் ஒரு நாள் வருவார். சரிவு குளிர்காலம் முழுவதும் காத்திருக்கும். முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகுவதே உறுதியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தப் பூக்களைக் காத்தது பூக்களின் மேலுள்ள பரிவு அன்று. நல்ல தேயிலையை நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்ற குடும்பக் கவலையே இத்தனை காலம் அவற்றைக் காத்தது.

நேயர்களுள் எவரேனும் ஜப்பான் செல்லும் வாய்ப்புப் பெற்றால், ககேகவாவில் ஒரு பொழுது இறங்கலாம். மே மாதத் தொடக்கத்தில் சென்றால் முதற்கொழுந்து பறிப்பதைக் காணலாம். வசந்தத்தின் பிறப்பிலிருந்து எண்பத்தெட்டாம் நாளை அதற்கு உகந்ததாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். செப்டம்பரில் சென்றால் ஹகியையும் கிக்யோவையும் தேடிப் பார்க்கலாம். நவம்பருக்குப் பின் சென்றால் பூவும் இராது, கொழுந்தும் இராது. சரிவெங்கும் கப்போஷிக் குவியல்களும், அவற்றினிடையே குனிந்து புல் அறுக்கும் முதியவர்களும் இருப்பார்கள். ஒருமுறைதான் போக முடியும் என்றால் நான் நவம்பருக்குப் பின் போகச் சொல்வேன்.